தலைமாட்டில் ஒரு பச்சைக் கொப்பு

நவம்பர் இரண்டாந் திகதி, இறந்தோரை நினைவுகூரும் திருநாள். அதற்கு முதல் நாள் கண்டி நகரின் பழைய சேமக்காலையில் சிரமதானம் நடைபெறும். குடும்பத்தினர் மண்வெட்டியும் தும்புத்தடியும் சுண்ணாம்பு வாளியுமாக வந்து தத்தம் கல்லறைகளைச் சுத்தம் செய்து வெள்ளையடிப்பார்கள். அன்று காலையில் வாயிற்கதவு திறக்குமுன்பே அங்கு வந்து நிற்பவர் ஒருவர் உண்டு. அந்தச் சேமக்காலையில் அவருக்கு உறவினர் எவருமில்லை. அவர் கிறிஸ்தவருமல்லர். அக்குறணையில் பிறந்து, கண்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மஸீனா என்னும் முஸ்லிம் பெண்மணி அவர்.

பேராதனை வீதியோரத்தில் மஸீனாவும் அவருடைய கணவர் நபீலும் பூங்கன்று விற்கும் தோட்டமொன்றை நடத்துகிறார்கள். திருநாள் நெருங்கும்போது செவ்வந்தித் தொட்டிகளைத் தங்கள் சிறிய ‘பட்டா’ லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து, சேமக்காலை வாயிலில் வரிசையாக வைப்பார்கள். விற்பனையில் மஸீனாவை வெல்ல எவராலும் முடியாது. சென்ற ஆண்டு, விலை அதிகம் என்று முணுமுணுத்த இளைஞர் ஒருவரிடம் அவர் மிகவும் கனிவாகக் கேட்டார்:

“ஒங்கட உம்மாக்குத்தானே வாங்குறீங்க தம்பி? ஒங்கள பெத்தெடுக்கக்கொள்ள அவ வெல பேசினாவா?”

அந்த இளைஞர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே ஒன்றுக்கு இரண்டு தொட்டிகளாக வாங்கிக்கொண்டு போனார்.

பத்து மணியளவில் கூட்டம் சற்றுக் குறையும். அப்போது விற்பனையை நபீலிடம் ஒப்படைத்துவிட்டு, இடுப்பில் ஒரு சிறு கத்தியைச் செருகிக்கொண்டு, பாசி படர்ந்த படிகளில் மஸீனா மேலே ஏறுவார். குன்றின் சரிவைப் படிப்படியாக வெட்டி அமைத்த சேமக்காலை அது. கோப்பித் தோட்டக் காலத்து வெள்ளைக்காரர்களின் கற்கள் மேல் வரிசையில் நிற்கின்றன. அவற்றுக்கிடையே எஞ்சியிருந்த சில இடங்களில் பிற்காலத்தில் எங்களவர் சிலரும் அடக்கம் செய்யப்பட்டனர். அவர்களுள் ஒருவர்தான் மிஸ் ஞானரத்தினம். மஸீனா ஏறிச் செல்வது அவரைப் பார்ப்பதற்காகவே.

மிஸ் ஞானரத்தினம் மானிப்பாயிலிருந்து இளம் வயதிலேயே வேலையேற்றுக் கண்டிக்கு வந்தவர். தொலைபேசி இணைப்பகத்தில், இந்த ஊரின் குரல்களை ஒன்றோடொன்று பொருத்துவதே அவருடைய தொழில். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுபெற்ற பின்னரும் ஊருக்குத் திரும்பவில்லை. கட்டுகலையில் மஸீனாவின் வீட்டோடு ஒட்டிய ‘அனெக்ஸ்’ ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் எனக்கு அருகில் அமர்வார். ஆராதனை முடிந்ததும் மஸீனாவைப் பற்றிய குற்றச்சாட்டுகளை என்னிடம் ஒவ்வொன்றாக எடுத்துரைப்பார். வார நாட்களில் நான் பூங்கன்று வாங்கச் சென்றால், மிஸ்ஸைப் பற்றிய குற்றச்சாட்டுகளை மஸீனா எடுத்துரைப்பார். ரோசாச் செடிக்கு மிஸ் அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றுகிறார் என்பது ஒரு வழக்கு. கிரிக்கெட் வர்ணனை நடக்கும் வேளையில் மஸீனா வேண்டுமென்றே அம்மிக் குழவியை உருட்டுகிறார் என்பது மற்றொன்று.

உண்மையில் அவ்விருவரும் ஒருவரையொருவர் விட்டு ஒரு நாளும் இருந்ததில்லை. மஸீனாவின் சமையலறைக்கும் மிஸ்ஸின் அறைக்கும் நடுவே இருந்தது ஒரே சுவர். மஸீனா விரல்முட்டியால் அதில் ஒருமுறை தட்டினால், தேநீர் தயாராகிவிட்டது என்று பொருள். மிஸ் அப்பக்கத்திலிருந்து ஒருமுறை தட்டினால், வருகிறேன் என்று பொருள். நோன்புக் காலத்தில் பகல் வேளைகளில் மிஸ் அடுப்பே மூட்டமாட்டார். தம்முடைய கறியின் மணம் சுவர்தாண்டிச் சென்று நோன்பிருப்பவர்களைச் சோதிக்கக்கூடாது என்பார். மாலையில் நோன்பு திறக்கும் வேளையில் சுவர் தட்டப்படும். கஞ்சியில் மிஸ்ஸுக்கும் ஒரு கோப்பை இருக்கும்.

தம் மரணத்தைப் பற்றி மிஸ் வெளிப்படையாகவே பேசுவார். எங்கள் இருவரிடமும் அவர் சொல்லி வைத்திருந்த கட்டளை ஒன்றே ஒன்றுதான்.

“எனக்கு மேலே கல்லொண்டும் ஏத்தாதேங்கோ. அத்தனை வருசம் தலையிலை அந்த ஹெட்போனைச் சுமந்தது காணும்.”

மழை விட்ட ஒரு செப்டெம்பர் காலையில், தூக்கத்திலேயே அவர் காலமானார். சுவர் தட்டியும் மறுதட்டு வராதபோதே மஸீனாவுக்கு விளங்கிவிட்டது.

அடக்கத்துக்கு மஸீனாவும் வந்தார். அதற்குமுன் அவர் எந்தச் சேமக்காலைக்குள்ளும் கால் வைத்ததில்லை. அவருடைய குடும்பத்தில் பெண்கள் மையவாடிக்குச் செல்வதில்லை. தந்தையை அடக்கம் செய்தபோதுகூட அவர் வீட்டிலேதான் இருந்தார். அங்கே என்ன நடக்கும் என்பது ஆண்கள் திரும்பி வந்து சொன்ன அளவிலேயே அவருக்குத் தெரியும். எனவே, பாடல் பாடி முடிந்து, நாங்கள் ஆளுக்கொரு கைப்பிடி மண்ணிட்டு விலகிய பின்னரும், எதைச் செய்வது என்று தெரியாமல் அவர் ஒரு பக்கமாக நின்றுகொண்டிருந்தார். அப்போது, நபீல் எப்போதோ சொன்ன ஒரு செய்தி அவருக்கு நினைவு வந்தது: அடக்கி முடிந்ததும் தலைமாட்டில் ஒரு பச்சைக் கொப்பு நட்டு வைப்பார்களாம். அது பச்சையாயிருக்கும் வரையில் இறந்தவருக்கு ஆறுதலாம்.

எந்தக் கொப்பு என்று நபீல் சொல்லியிருக்கவில்லை. மஸீனா சுற்றுமுற்றும் பார்த்தார். வேலியோரத்தில் கிளிசரியா நின்றது. மலைநாட்டில் அதை அறியாதவர் இல்லை. தோட்டங்களுக்கு வேலியாகவும், ஆடுமாடுகளுக்குத் தழையாகவும் நிற்பது அதுவே. அதில் ஒரு கொப்பை ஒடித்து வந்து, கண்களைத் துடைத்துக்கொண்டு, அவர் நட்டார்.

மற்றவர் எவராயினும் அந்தக் கொப்பை ஈரமண்ணில் சும்மா குத்தி வைத்திருப்பார். ஒரு வாரத்தில் அது வாடி விழுந்திருக்கும். மஸீனாவின் கைகளோ முப்பது ஆண்டுகளாகக் கன்று நட்டுப் பழகிய கைகள். அவை தம் எண்ணம் போலவே நடந்துகொண்டன. அவர் எங்கு சென்றாலும் உடனிருக்கும் இடுப்புக் கத்தியை எடுத்துக் கொப்பின் அடியைச் சாய்வாகச் சீவின. மேலேயிருந்த இலைகளில் பாதியைக் கிள்ளின. முழங்கை ஆழத்துக்கு இறக்கின. கடைசியாக, குதிகாலால் சுற்றிவர மண்ணை மிதித்து இறுக்கியும் விட்டார். நான் அருகிலேதான் நின்றேன். எனக்கும் அது வித்தியாசமாகத் தோன்றவில்லை.

அடுத்த ஆண்டுத் திருநாளுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து மேலே ஏறியபோது, மிஸ்ஸின் தலைமாட்டில் ஆளுயரத்துக்கு ஒரு மரம் நின்றது. மஸீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று எண்ணி நான் தோளைத் தொட்டேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். செய்தி நபீலின் காதுக்கு எட்டியதும், மிஸ்ஸுக்கும் பக்கத்துக் கல்லறை வெள்ளைக்காரிக்கும் இடையில் தம் மனைவி வேலி அடைத்துவிட்டார் என்று ஊர் முழுவதும் சொல்லித் திரிந்தார்.

அன்றிலிருந்து, அந்த மரம்தான் மிஸ்ஸின் அடையாளம். முதலில் வைத்த மரச்சிலுவையைக் கறையான் தின்றுவிட்டது. கல் வைக்கக் கூடாதென்பது அவருடைய சொல். ஆண்டுதோறும் திருநாளுக்கு முதல் நாளன்று மஸீனா வந்து, மரத்தின் கிளைகளைக் கவாத்துப் பண்ணி, அடியில் செவ்வந்தி வைத்து, சற்று நேரம் அமர்ந்து, அவ்வாண்டின் கிரிக்கெட் தோல்விகளை மிஸ்ஸுக்குச் சொல்லிவிட்டு இறங்குவார். திருநாளன்று மெழுகுதிரி ஏற்றுவது என் வேலை. காற்று அணைக்காமல் குடை பிடிப்பது அவர் வேலை.

சிக்கல் சென்ற ஆண்டில் எழுந்தது. சேமக்காலையைப் பராமரிக்கும் எங்கள் குழுவின் செயலாளர் றமணன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு தூக்குக்குண்டும் நூலும் எப்போதும் வைத்திருப்பவர். தம் மனைவியின் கல்லறை அங்கே இருப்பதனால், வாரந்தவறாமல் வருவார். வந்தால், சாய்ந்திருக்கும் கற்களின் முன்னே குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். மிஸ்ஸுக்குப் பக்கத்தில் இருப்பது, காய்ச்சலில் இறந்த ஒரு தோட்டத்துரையின் இளம் மனைவியினது கல்லறை. மேசை போன்ற வடிவில், கருங்கல்லில் அமைந்தது. மேல் வரிசையில் உள்ளவற்றுள் அதுவே மிகப் பழையது. கிளிசரியாவின் வேர் அதன் அடியில் புகுந்து, ஒரு மூலையைத் தூக்கிவிட்டிருந்தது. இன்னும் இரண்டு மழைக்காலம் சென்றால் கல் மேடையிலிருந்து கீழ் வரிசைக்கு உருண்டுவிடும் என்று றமணன் குழுவிடம் அறிக்கையிட்டார். சிரமதான நாளில் மரத்தை வெட்டுவது என முடிவாயிற்று.

மஸீனாவிடம் இதைச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. சொன்னேன். வாய் ஓயாத அந்தப் பெண்மணி, கையிலிருந்த ரோசாக் கன்றின் வேரைச் சாக்கில் சுற்றிக் கட்டி முடித்தார். அதன்பின், றமணன் சேர் எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார் என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மாலை, பூத்துக் குலுங்கும் ஓர் ஓர்க்கிட் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு றமணனின் வீட்டுக்கு அவர் சென்றதை அவரே பிறகு என்னிடம் விவரித்தார். றமணன் மிகுந்த மகிழ்ச்சியோடு தொட்டியைப் பெற்றுக்கொண்டு, எத்தனை நாளுக்கொருமுறை தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டறிந்து, தேநீரும் கொடுத்து, மரம் வெட்டப்பட வேண்டியதே என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். “எங்கட யேவாரிங்க பரவால்ல அக்கா,” என்று மஸீனா நொந்துகொண்டார். “சாமான எடுத்தா வேலய முடிச்சிக் குடுப்பாங்க.”

ஆயினும், றமணன் அவரைச் சேமக்காலைக்கு அழைத்துச் சென்று காண்பிக்கத் தவறவில்லை. நானும் கூடச் சென்றேன். மேசைக் கல்லின் மூலையில் அவர் நூலைப் பிடித்தார். குண்டு கல்லைவிட்டு ஒரு சாண் விலகித் தொங்கியது. மஸீனா அதை இப்பக்கமிருந்தும் அப்பக்கமிருந்தும் பார்த்தார்.

“அந்தக் குண்டுல ஏதும் பிழ இரிக்குமோ சேர்?”

“அது பூமி இழுக்கிற பக்கம் தொங்குது பிள்ளை. நான் சொல்லித் தொங்கேல்லை.”

மஸீனா குனிந்து, கல்லின் அடியில் புடைத்திருந்த வேரைக் கையால் தடவினார். வேரைப் பற்றி அவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. கல்லைத் தூக்கியது தாம் நட்ட மரமே என்பதை அவர் கண்டுகொண்டார். அங்கே படுத்திருக்கும் அந்த அயல்நாட்டுப் பெண்ணும் சொந்தபந்தம் இல்லாமல் இந்த ஊரில் தங்கிவிட்டவள்தானே என்று தமக்குள் சொல்வதுபோல் சொன்னார். பிறகு நிமிர்ந்தார்.

“சரி, வெட்டுங்க. ஆனா மரம் போனா, மிஸ் எங்க இரிக்கிறாண்டு யாருக்குச் சேர் தெரியும்? எனக்குத் தெரியும், அக்காக்குத் தெரியும். நாங்களும் மௌத்தாகின பொறகு?”

அது நியாயமான கேள்விதான் என்று றமணன் ஒப்புக்கொண்டார். அடையாளமற்ற இடம் சில காலத்தில் வெற்றிடமாகக் கருதப்படும். அவருக்குப் பின் வரும் செயலாளர் அங்கே வேறொருவருக்கு இடம் ஒதுக்கலாம். சிறியதாகவேனும் ஒரு கல் வைக்கலாமே என்றார். மிஸ்ஸின் கட்டளையை நானும் மஸீனாவும் ஒரே குரலில் சொன்னோம். றமணன் நூலைக் குண்டின்மீது சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். மூவரும் படியிறங்கினோம்.

சிரமதான நாளும் வந்தது. காலையில் இலேசான வெயில். மாநகர சபையிலிருந்து கணபதி என்னும் தொழிலாளி கயிறும் கோடரியும் கொண்டுவந்திருந்தார். மரம் வெட்டுவதிலும் கல்லறைகளில் கறுப்பு மையால் எழுத்துத் துலக்குவதிலும் ஒரே அளவு தேர்ந்தவர். அவர் கயிற்றை வீசிக் கட்டத் தொடங்கும்போது, செவ்வந்தி விற்பனையை அப்படியே விட்டுவிட்டு மஸீனா மரம் அறுக்கும் கைவாளோடு மேலே வந்தார். நபீல் மூச்சிரைக்கப் பின்னால் வந்தார். தாம் நட்ட மரத்தைத் தாமே வெட்டுவதாக மஸீனா அறிவித்தார். கணபதி தயங்கி றமணனைப் பார்த்தார். றமணன் நபீலைப் பார்த்தார்.

“விடுங்க சேர்,” என்றார் நபீல். “ஊட்டுலயும் இப்பிடித்தான். என்ட தலமயிரயும் இவதான் வெட்டுறா. வேற ஆள நம்பமாட்டா.”

எல்லாருடைய பார்வையும் ஒரு கணம் நபீலின் தலைக்குச் சென்றது. கவாத்துச் செய்த தேயிலைச் செடியைப் போல அது நேர்த்தியாகத்தான் இருந்தது.

கணபதி கயிற்றைப் பிடித்துக்கொள்ள, மஸீனா ஏணியில் ஏறிக் கொப்புகளை ஒவ்வொன்றாக இறக்கினார். வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. எனவே, என் தாயாரின் கல்லறைக்குச் சுண்ணாம்பு பூசப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பெருங்கொப்புகள் யாவும் தரையில் இருந்தன. நடுமரம் மட்டும் மொட்டையாய் நின்றது. மஸீனா இறங்கி, சிறு கத்தியை எடுத்துக்கொண்டு, கொப்புகளைத் தறித்து ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

முதலில் கவனித்தவர் கணபதி. தறித்த தடிகளை அள்ளிக் கீழே கொண்டுபோய் விறகுக் குவியலில் போடுவதற்காக வந்தவர், குனிந்தவாறே நின்றுவிட்டார்.

“ராத்தா, இத எரிக்கப் போறீங்களா, நடப் போறீங்களா?”

நாங்கள் எட்டிப் பார்த்தோம். தடிகள் அனைத்தும் ஒரே நீளம். ஒவ்வொன்றின் அடியும் சாய்வாகச் சீவப்பட்டிருந்தது. இலைகளில் பாதி கிள்ளப்பட்டிருந்தது. சீவிய முனைகள் எல்லாம் ஒரே பக்கமாக, மேசைக் கல்லின் நிழலில், ஈரச் சாக்கொன்றால் மூடப்பட்டிருந்தன. மஸீனா தம் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். பிறகு தடிகளைப் பார்த்தார். அந்தக் கைகள் இரண்டாவது முறையும் அவரைக் கேளாமலே தம் தொழிலைச் செய்திருந்தன. முதலில் சிரித்தவர் நபீல். அதன்பின் மஸீனாவும் படியில் உட்கார்ந்து, கண்களில் நீர் வரும்வரை சிரித்தார்.

றமணன் சிரிக்கவில்லை. அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். சேமக்காலையின் அடிவாரத்தில் ஓடையோரமாக இருந்த கம்பிவேலி அறுந்து நெடுங்காலமாயிற்று. அவ்வழியே காட்டுப்பன்றிகள் ஏறி வந்து, கீழ் வரிசைக் கல்லறைகளின் மண்ணைக் கிளறி, மண்புழு தின்றுவிட்டுப் போகும். அதற்கு முந்திய ஆண்டுத் திருநாளுக்கு மறுநாளே பூந்தொட்டிகளை உருட்டிவிட்டுப் போயிருந்தன. புதிய வேலிக்காக அவர் கேட்காத இடம் இல்லை. கிளிசரியா வேலிக்கு நடும் மரம் என்பது எங்கள் அனைவருக்கும் தெரிந்ததே. அதை வெட்டுவதா வேண்டாமா என்று வாரக்கணக்கில் வருந்திக்கொண்டிருந்ததில், அந்த எண்ணம் ஒருவருக்கும் உதிக்கவில்லை.

“மஸீனா,” என்றார் றமணன். “ஒரு தடிக்கும் மற்றத் தடிக்கும் எவ்வளவு இடைவெளி விடுறது?”

“ஒரு கை நீளம், சேர்.”

“ஆருடைய கை?”

“என்ட கை,” என்று மஸீனா கையை நீட்டிக் காண்பித்தார். றமணன் அதை அளவுநாடாவால் அளந்த பின்னரே திருப்தியடைந்தார்.

சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்த குடும்பங்கள் வாளிகளை வைத்துவிட்டு ஓடையோரத்துக்கு இறங்கின. றமணன் இரண்டு முளைகளுக்கிடையில் நூல் கட்டினார். கணபதி அலவாங்கால் குழியிட்டார். மஸீனா நட்டுக்கொண்டே போக, மற்றவர்கள் பின்னால் வந்து குதிகாலால் மண்ணை மிதித்தார்கள். காலையில் விலை பேசி இரண்டு தொட்டி வாங்கிய இளைஞரும் காற்சட்டையை மடித்துக்கொண்டு மிதித்தார். பன்றிகளுக்கு இனி அனுமதிச் சீட்டு வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். வேலை முடிந்தபோது பகலுணவு வேளை தாண்டியிருந்தது. எங்கள் சோற்றுப் பார்சல்கள் மர நிழலில் ஆறிப்போய்க் கிடந்தன.

ஆனால், மிஸ்ஸின் அடையாளம் பற்றிய கேள்வி அப்படியேதான் இருந்தது. நடுமரத்தை வெட்டிச் சாய்த்து, கல்லுக்கடியில் சென்ற வேர்களைக் கணபதி தோண்டி எடுத்துவிட்டார். நபீல் தம் லொறியின் ‘ஜெக்’கைத் தூக்கி வந்து, தோட்டத்துரை மனைவியின் மேசைக் கல்லை மெல்ல நிமிர்த்தினார். மூலையில் கற்சில்லு செருகி, றமணன் குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்து, நேராகிவிட்டதற்காக அந்த வெள்ளைக்காரியை வாழ்த்தினார். அதற்குப் பக்கத்தில் மிஸ்ஸின் இடம் வெறும் செம்மண்ணாகக் கிடந்தது. மஸீனா சோற்றுப் பார்சலைத் திறக்கவேயில்லை. அந்த இடத்தின் ஓரத்தில் அமர்ந்து, நாலு மூலையிலும் செவ்வந்தித் தொட்டி வைத்தால் எவ்வளவு காலம் நிற்கும் என்று என்னிடம் கேட்டார். பன்றி வராவிட்டாலும் தொட்டித் திருடர்கள் வருவார்கள் என்று நான் உண்மையைச் சொன்னேன்.

நபீல் எண்ணெய்க் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்து, சாய்த்துப் போட்டிருந்த நடுமரத்தின்மீது அமர்ந்தார்.

“மிஸ் கல்லுதானே வாணாண்டா?” என்று கேட்டார். “கட்ட வாணாண்டு செல்லல்லியே. எங்கட மையவாடில கட்டதானே நட்டுவோம், மீஸான் கட்ட. கொப்பு வாடிப் பொயிரும். கட்டதான் அடையாளத்துக்கு.”

மஸீனா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“இத அண்டக்கே முழுசா செல்லியிருந்தா, நான் ஏன் மரம் நடப்போறேன்?”

“நீ கேட்டது கொப்பப் பத்தி மட்டுந்தான்.”

அத்தனை பேர் முன்னிலையிலும் கணவரை அவர் திட்டிய திட்டு, கீழ்வரிசை வரையில் கேட்டது. திட்டிக்கொண்டே எழுந்து, நபீலை மரத்திலிருந்து இறங்கச் சொல்லி, அதில் இடுப்பளவு நீளம் ஒரு துண்டைக் கணபதியைக் கொண்டு அறுப்பித்தார்.

அதன்பின் நடந்ததை நான் மறக்கமாட்டேன். கைபட்டதெல்லாம் முளைக்கும் அந்தப் பெண்மணி, ஒரு மரத்துண்டு முளைக்கவே கூடாது என்பதற்காக அன்று பாடுபட்டார். பட்டையைத் துளியும் விடாமல் உரித்தார். கணுக்களைச் செதுக்கித் தள்ளினார். விறகுக் குவியலில் நெருப்பு மூட்டி, நிலத்துக்குள் செல்லும் பகுதியைக் கறையானுக்கும் வேருக்கும் இடமில்லாமல் கறுக்கக் கருக்கினார். போதாதென்று, கருக்குவதற்கு அவர் தெரிந்தெடுத்ததே நுனிப்பக்கத்தைத்தான்; கட்டை தலைகீழாக நிற்கும். இவ்வளவும் எதற்கு என்று கணபதி கேட்டார்.

“இதும் மொளச்சிச்சிண்டா சேர் என்னய இங்கயே பொதச்சிடுவாரு,” என்றார் மஸீனா.

“மேல் வரிசையிலை இடமில்லை, பிள்ளை,” என்றார் றமணன்.

கட்டையை மிஸ்ஸின் தலைமாட்டில் நட்டார்கள். மஸீனா குதிகாலை உயர்த்தினார். நினைவு வந்தவர்போல் கீழே வைத்துவிட்டு, மிதிக்கும் வேலையை நபீலிடம் விட்டார். கணபதி கறுப்பு மையால் ‘ஞானரத்தினம்’ என்று எழுதினார். றமணன் பையிலிருந்து குண்டை எடுத்துத் தொங்கவிட்டார். கட்டை இடப்பக்கம் சிறிதே சாய்ந்திருந்தது. அவர் அதை அசைக்கக் கை வைத்தபோது மஸீனா தடுத்தார்.

“விடுங்க சேர். மிஸ்ஸும் இடப் பக்கம் கொஞ்சம் சாஞ்சிதான் நடப்பா.”

உண்மைதான். பாரமான தோற்பையை ஆண்டுக்கணக்காக அந்தத் தோளிலேதான் அவர் மாட்டியிருந்தார். றமணன் கையை எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மிஸ் தேவாலயப் படியேறி வருவதை அவரும் கண்டிருந்தார் அல்லவா? பின்னர் நூலைச் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, சோறு ஆறிவிட்டதே என்றார். மஸீனா அப்போதுதான் தம் பார்சலைத் திறந்தார்.

மறுநாள், திருநாள் மாலையில், எதிர்பார்த்தபடியே தூறியது. மஸீனா உடைந்த மண்தொட்டிகளைக் கொண்டுவந்து பக்கவாட்டில் படுக்க வைத்திருந்தார். அவற்றுக்குள் ஏற்றிய மெழுகுதிரிகள் ஒன்றேனும் அணையவில்லை. குன்று முழுவதும் சிறு சிறு அடுப்புகள் எரிவதுபோல் இருந்தது. எவரும் வராத தோட்டத்துரை மனைவிக்கும் ஒரு தொட்டி கிடைத்தது.

வேலித் தடிகள் அநேகமாக எல்லாமே பிடித்துக்கொண்டன. தை மாதம் கழிந்து அவை இலையுதிர்த்தபோது, நட்ட முதலாண்டிலேயே சிலவற்றில் வெளிர் ரோசாப் பூக்கள் தோன்றின. பன்றிகள் இப்போது ஓடைக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன என்று கணபதி சொல்கிறார். மிஸ் ஞானரத்தினத்தின் மரம் இன்று சேமக்காலையின் அடிவாரம் முழுவதையும் அணைத்துக்கொண்டு நிற்கிறது.

கட்டை முளைக்கவில்லை. ஆனால், மஸீனா அதைப் பார்க்க வரும் நாட்கள் அதிகமாகிவிட்டன. பேராதனை வீதியிலிருந்து எந்த வேலையாக நகருக்கு வந்தாலும், ஒருமுறை படியேறிவிடுகிறார். வந்ததும் குனிந்து, எங்கேனும் துளிர் விட்டிருக்கிறதா என்று கட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். இல்லையென்று கண்டதும் அவருடைய முகத்தில் தோன்றுவது நிம்மதியா, ஏமாற்றமா என்று என்னால் இன்னும் தீர்மானிக்க இயலவில்லை. பிறகு, விரல்முட்டியால் அதில் ஒருமுறை தட்டுவார். கறையான் அரித்திருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்வார்.

சென்ற வாரம் நபீலும் கூட வந்திருந்தார். மனைவி தட்டியதையும், தட்டிவிட்டுச் சற்று நேரம் காத்திருந்ததையும் அவர் படியில் நின்று பார்த்தார்.

“என்ன, மிஸ் எடுத்தாவா?” என்று கேட்டார்.

மஸீனா முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

“லைன் எங்கேஜ். பக்கத்து வெள்ளக்காரியோட பேசிட்டிரிக்கிறா.”